துணிப்பை விற்று வேன் ஓட்டப் பார்த்த கதை

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் பகல்நேர மையம் தாமிரபரணிக் கரையில் ஒரு தாலுகா ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டதால் விட்டுவிட்டேன். தொகைகள் எங்கள் பேரேட்டிலிருந்து எடுத்தவை, சில்லறையை மட்டும் தட்டிவிட்டேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று 2018-ல் இந்த அறக்கட்டளைக்குப் பொருளாளர் ஆனவன். கீழே வரும் தப்புகளில் பாதிக்கு மேல் என் கையெழுத்து இருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## பின்னணி

மையம் 2009-ல் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் ஆரம்பித்தது. செயலாளர் அந்த ஆறு வீடுகளில் ஒன்றின் அம்மா. மகனுக்காகச் சிறப்புக் கல்வி படித்துவிட்டு வந்து அவரே ஆசிரியரும் ஆகிவிட்டார், ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். 2019 கடைசியில் 42 பிள்ளைகள், நான்கு சிறப்பாசிரியர்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு ஆயாம்மா, ஒரு டிரைவர், ஒரு பழைய வேன் என்று வளர்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது. அதாவது அரசு செய்ய வேண்டிய ஒரு வேலையை அரசின் பாதிப் பணத்தில், பாதிகூட இல்லை, நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

2019-20 வரவு 31 லட்சம். அதில் அரசு மானியம் 10.5 லட்சம், சென்னையில் இருக்கும் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வழியாக வந்த வெளிநாட்டுப் பணம் 14 லட்சம், உள்ளூர் நன்கொடை 5 லட்சம், பெற்றோர் கட்டணம் (தலைக்கு மாதம் 300) ஒன்றரை லட்சம். செலவும் அதே 31 லட்சம். வருஷக் கடைசியில் வரவும் செலவும் சரியாகப் பொருந்தி நின்றால் பொருளாளருக்கு ஒரு திருப்தி வரும் பாருங்கள், அந்தத் திருப்தியில்தான் நான் இருந்தேன். கையிருப்பு என்று இருந்தது ஒரே ஒரு வைப்புத்தொகை, இரண்டே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அரசு மானியம் வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கான பணம் நவம்பரில் வந்த வருஷமும் உண்டு. இடையில் சம்பளம் எப்படிப் போடுவது? டீச்சர் தன் வளையலை அடகு வைப்பார், மானியம் வந்ததும் மீட்பார். நகைக்கடன் வட்டியை அவர் கணக்கில் எழுத விடமாட்டார். "அது என் பிள்ளைக்கும் சேர்த்துத்தான சார்" என்பார். வங்கியில் ஊருக்கெல்லாம் கணக்கு சொன்னவன், அந்த வட்டி மையத்தின் செலவுதான் என்று ஏன் எழுதவில்லை என்று இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

## 2020: பணம் நின்ற விதம்

மார்ச்சில் ஊரடங்கு. மையம் மூடியது, ஆசிரியர்களுக்கு அரைச் சம்பளம், பயிற்சி எல்லாம் போனில். இதை எப்படியோ சமாளித்தோம். அடி விழுந்தது செப்டம்பர் கடைசியில். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ என்றால் எல்லோருக்கும் தெரியும்) வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவே கூடாது. அதுவரை, வாங்குகிற நிறுவனத்துக்கும் அந்தப் பதிவு இருந்தால் தரலாம் என்று இருந்தது. எங்களுக்குப் பதிவு இருந்தது, சென்னை நிறுவனத்துக்கும் இருந்தது, ஆனால் வெளிநாட்டில் இருக்கிற கொடையாளருக்கு எங்களை நேரடியாகத் தெரியாது. பத்து வருஷமாக எங்கள் அறிக்கைகள் சென்னைக்குப் போய், அங்கே ஒரு பெரிய அறிக்கைக்குள் இரண்டு பத்தியாகக் கரைந்துவிடும். நேராக வந்து எங்களுக்குப் பணம் தர அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. 14 லட்சம் ஒரு மின்னஞ்சலில் முடிந்தது.

நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் அதே திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வரவே இல்லாதவனுக்கு உச்சவரம்பு எதற்கு, அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

## கூட்டத்தில் பேசியது

அக்டோபர் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: இனி யாரிடமும் கையேந்தக் கூடாது, நாமே சம்பாதிக்க வேண்டும். சோஷியல் எண்டர்பிரைஸ் என்ற சொல்லை அன்றுதான் எங்கள் மினிட் புத்தகத்தில் முதன்முதலாக எழுதினேன். தென் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் அடுத்த நிமிஷம் அரவிந்த் கண் மருத்துவமனை வந்துவிடும். அன்றும் வந்தது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது, காசு கொடுக்கிறவர்கள் தரும் பணத்தில் காசில்லாதவர்களுக்கு இலவச அறுவை, பிற்பாடு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையே ஆரோலாப் என்று சொந்தமாகத் தயாரித்தார்கள். எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனால் அங்கே கண்புரை பணக்காரனுக்கும் வரும், ஏழைக்கும் வரும், இருவருக்கும் ஒரே அறுவை, ஆயிரக்கணக்கில் நடக்கும். எங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் வாழைத்தார் சுமப்பவர்கள், கொத்தனார்கள். வசதி உள்ள வீட்டுக்காரர்கள் பிள்ளையைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் என்று யாருமே இல்லாத இடத்தில் அந்த ஏற்பாட்டை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது? இதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, நம் சேவையை விற்க முடியாது, வேறு எதையாவது விற்போம் என்று முடிவானது. மசாலாப் பொடி, மெழுகுவர்த்தி, பினாயில் எல்லாம் பேசிக் கடைசியில் துணிப்பையில் வந்து நின்றோம். காரணங்கள் தப்பில்லை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை இருந்தது. பிள்ளைகளோடு வந்து சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எட்டு அம்மாக்களுக்குத் தையல் தெரியும். ஊரில் ஒரு சங்கம் நான்கு மெஷின் தருவதாகச் சொன்னது. முதலுக்கு அந்த ஒரே வைப்புத்தொகையை முறித்தோம், 2.2 லட்சம்.

ஆடிட்டர் ஒன்று மட்டும் சொன்னார்: அறக்கட்டளை வியாபாரம் செய்யலாம், ஆனால் அது நோக்கத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும், கணக்குப் புத்தகம் தனியாக இருக்க வேண்டும், வருமான வரிச் சட்டம் 11(4ஏ) அதைத்தான் கேட்கிறது என்று. புத்தகத்தைத் தனியாக வைத்தோம். அந்தப் புத்தகத்தில் எதை எழுத வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டோம்.

## ஆவணி முதல் ஆடி வரை

2021 ஆவணியில் தொடங்கியது. முதல் ஆர்டர் ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, 400 எண்ணிக்கை. கொரோனாவில் தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் அப்போது வரிசையாக வந்தன. டிசம்பர் 23 அன்று அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதும் ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், வங்கிக் கிளை என்று கேட்டார்கள். ஈரோட்டிலிருந்து காடாத் துணி பார்சல் லாரியில் வரும். வராந்தா முழுக்கத் துணி. ஒரு வருஷத்தில் 62,000 பை, 11 லட்சத்துக்கு மேல் விற்பனை. விற்பனை வரம்பைத் தொடாததால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை, ஆனால் பெரிய கம்பெனிகள் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்க மாட்டார்கள், அதனால் பெரிய ஆர்டரும் இல்லை.

வெளியே பார்க்க நன்றாக இருந்தது. பத்திரிகையில் படம் வந்தது. உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

முகூர்த்த மாதங்களில் டீச்சர் காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் இருக்க மாட்டார், ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில் இருப்பார். மணமகன் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போய் 300 பை கழிவானது ஒரு தடவை. சிறப்பாசிரியர் ஒருவர் பாதி நாள் கட்டிங்கும் எண்ணிக்கையும் பார்க்கப் போனார். வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டு மண்டபம் மண்டபமாகப் பை கொண்டுபோனது. மாலை நான்கு மணிக்குத் திரும்ப வேண்டிய வேன் ஐந்தரைக்கு வர, அதுவரை பிள்ளைகள் யூனிஃபார்மோடு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிசியோ அறையில் துணி அடுக்கி வைத்ததால் இரண்டு மாதம் பயிற்சி வராந்தா ஓரத்தில் நடந்தது. கல்யாண வீட்டில் முன்பணம் தருவார்கள், பாக்கியை முகூர்த்தம் முடிந்தபின் கேட்கப் போனால் "மாப்பிள்ளை வீட்டில வாங்கிக்கோங்க" என்பார்கள். அப்படி நின்ற பாக்கி 84,000.

2022 ஆடி. முகூர்த்தம் இல்லை, மெஷின்கள் சும்மா கிடந்தன. நான்-ஓவன் பை (துணி போலத் தெரியும் பிளாஸ்டிக் பை) பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஜவுளிக்கடைகளும் விலகிவிட்டன. அந்த ஓய்வில்தான் நானும் டீச்சரும் ஒரு பைக்கு என்ன ஆகிறது என்று முதன்முறையாக முழுசாகக் கணக்குப் போட்டோம். விலை 18 ரூபாய். துணி 9, நூலும் கைப்பிடியும் ஒன்றரை, பிரிண்டிங் 2, தையல் கூலி 3, ஆக 15.50. பைக்கு இரண்டரை ரூபாய் லாபம் என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம். பார்சல் கூலியும் வேன் டீசலும் சேர்த்து 1.60. கழிவு 90 காசு. மின்சாரமும் மெஷின் ரிப்பேரும் 75 காசு. ஆசிரியரின் பாதி நாள் சம்பளத்தைப் பைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2 ரூபாய். மொத்தம் 20.75. ஒவ்வொரு பைக்கும் 2.75 நஷ்டம், 62,000 பைக்கு 1,70,500. டீச்சர் செலவழித்த நேரத்தை இதில் சேர்க்கவில்லை, வராத பாக்கியையும் சேர்க்கவில்லை. பிள்ளைகளுக்காகப் பை தைக்கிறோம் என்று நினைத்தோம். பிள்ளைகளின் ஆசிரியரையும் வேனையும் எடுத்துப் பைக்குக் கொடுத்திருக்கிறோம்.

டீச்சர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வராந்தாப் பிள்ளைகளை ஏன் சார் நீங்களும் நானும் பார்க்கல?" என்று மட்டும் கேட்டார்.

## எடுத்த முடிவுகள், ஏன்

2022 செப்டம்பர் கூட்டம் ஐந்து மணி நேரம் நடந்தது. முதலில் துணிப்பைக்கான கணக்கை வைத்தேன். பிறகு அதே மாதிரி மையத்துக்கும் போட்டுக் காட்டினேன்: 31 லட்சத்தை 42 பிள்ளைகளுக்கு வகுத்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 6,150 ரூபாய். அரசு மானியம் அதில் சுமார் 2,080, மூன்றில் ஒரு பங்கு. இந்த எண் எங்களிடம் பதிமூன்று வருஷமாக இல்லை. அது கையில் இருந்ததும் பேச்சே மாறிவிட்டது. எது எதற்குக் காசு தர யார் தயாராக இருக்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு, கட்டடத்துக்கும் கருவிக்கும் கம்பெனிகள், மதியச் சாப்பாட்டுக்கு ஊர். வேன் டீசலுக்கும் வாடகைக்கும் ஆடிட்டருக்கும் யாரும் இல்லை. மானியம் வரும்வரை தாங்கும் கையிருப்புக்கும் யாரும் இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது பெரிய தொகை என்பதைவிட, இதற்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்று யாரும் கட்டிப்போடாத தொகை.

தையல் யூனிட்டை மூடிவிடலாம் என்றார் ஒருவர். அம்மாக்களைக் கேட்காமல் எப்படி என்று டீச்சர் அவர்களைக் கூட்டத்துக்கே அழைத்தார். அவர்களுக்கு வேண்டியது கூலியும், பிள்ளை கண்ணெட்டும் தூரத்தில் உட்கார ஓர் இடமும். அப்படியென்றால் மெஷின்களை உங்கள் சுய உதவிக் குழுவுக்கே கொடுத்துவிடுகிறோம், என்ன தைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றோம். அப்போது ஓர் அம்மா சொன்னது: "டீச்சர், பைக்கு மூணு ரூவா, ஜாக்கெட்டுக்கு நூத்தம்பது ரூவா. அப்பவே கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்போம்." எட்டுப் பேரில் ஒருவரைக்கூட நாங்கள் ஆரம்பத்தில் கேட்கவில்லை. தைக்கத் தெரியும் என்பதை மட்டும் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது முடிவு பிசியோதெரபிஸ்டிடமிருந்து வந்தது. பிள்ளைகள் நான்கு மணிக்குப் போய்விடுவார்கள், அறையும் கருவிகளும் அப்புறம் சும்மாதான் கிடக்கின்றன, பக்கவாதம் வந்தவர்களும் மூட்டுவலிக்காரர்களும் இந்த ஊரிலிருந்து தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறுகிறார்கள், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை நான் பார்க்கிறேனே என்றார். ஒரு தடவைக்கு 150, முடியாதவர்களுக்கு 50, வரவில் பாதி அவருக்கு. மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய நான்கு மாதம் ஆனது. இதற்குப் புதிதாக முதல் போட வேண்டியதில்லை, புதிதாகக் கற்கவும் ஒன்றுமில்லை. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை, வாங்க ஊரில் ஆள் இருக்கிறது. அரவிந்தைப் பார்த்து நாங்கள் படித்திருக்க வேண்டியது இந்தச் சின்ன இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, ஊர் நன்கொடை. எங்கள் நன்கொடையில் பெரும்பகுதி பிறந்தநாள், நினைவுநாள் சாப்பாடு. தை அமாவாசைக்கு மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்து மீந்துபோகும், மறுநாள் அரிசி வாங்கக் காசு இருக்காது. சாப்பாட்டை விட்டுவிட்டு 'ஒரு நாள் வேன், 1,400 ரூபாய்' என்று கார்டு அச்சடித்துக் கேட்பதென்று முடிவு. டீசலும் டிரைவர் கூலியும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. யாரும் தர மாட்டார்கள் என்று நான் எதிர்த்தேன்.

நான்காவது, இந்தப் பணத்திலிருந்து மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு சேரும்வரை புதிதாக எந்த வேலையும் ஏற்பதில்லை. வளையல் இனி அடகுக் கடைக்குப் போகக் கூடாது என்று மினிட்டில் அப்படியே எழுதினோம்.

தொண்டு நிறுவனங்கள் பங்குச் சந்தை வழியாக நிதி திரட்டும் ஏற்பாடான சமூகப் பங்குச் சந்தையைப் பற்றியும் ஒருவர் கேட்டார், அந்த மாதம்தான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அதன் விதிகளை விரிவாக வெளியிட்டிருந்தது. பதிவு செய்யவே முந்தைய வருஷம் குறைந்தது 50 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

## வேனில் வந்த அண்ணாச்சி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர், பத்து வருஷமாக அப்பா நினைவுநாளுக்குச் சாப்பாடு போடுபவர். டீச்சர் வேன் கார்டை நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளைகளுக்குச் சோறு போட்டா எங்கப்பாவுக்குப் புண்ணியம்மா. டீசலுக்கு என்ன புண்ணியம்?"

டீச்சர் வாதாடவில்லை. "அண்ணாச்சி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஒரு தடவை வண்டியில வாங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றார். மனிதர் நிஜமாகவே வந்துவிட்டார், வேட்டி சட்டையோடு டிரைவர் பக்கத்தில். நானும் பின்னால் இருந்தேன். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு திருப்பம், அங்கே ஒரு பாட்டி பதினோரு வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பாட்டியின் உயரத்தில் முக்கால்வாசி இருக்கிறான் பையன். வேன் இல்லாவிட்டால் பஸ் நிறுத்தம் வரை ஒன்றரை கிலோமீட்டர் அப்படியே நடக்க வேண்டும், அதனால் வேன் வராத நாளில் பையன் வீட்டில்தான். அவனை உள்ளே தூக்கி வைக்க ஆயாம்மா இறங்குவதற்குள் அண்ணாச்சி இறங்கிவிட்டார். திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "சாப்பாடும் உண்டு, இதுவும் உண்டு" என்று சொல்லிவிட்டு வருஷத்துக்கு நான்கு நாள் வேன் எழுதிக்கொண்டார். அதற்குப்பின் கார்டு அச்சடித்ததைவிட ஆட்களை வேனில் ஏற்றியதுதான் பலித்தது.

## பின்பு நடந்தவை

அம்மாக்கள் தாம்பூலப் பையை அடுத்த மாதமே விட்டுவிட்டார்கள். ஜாக்கெட், நைட்டி, பள்ளிச் சீருடை ஆல்டரேஷன். மின்சாரத்துக்கு எங்களுக்கு மாதம் 600 தருகிறார்கள். எங்கள் கணக்குக்கு அதற்குமேல் ஒரு பைசா வராது, வர வேண்டியதும் இல்லை. நின்ற பாக்கியில் 30,000 வரை அவர்களே வீடு வீடாகப் போய் வசூலித்துக் கொடுத்தார்கள். மீதியை வராக்கடன் என்று எழுதித் தள்ளினேன்.

மாலை பிசியோ மெதுவாகத்தான் ஏறியது. முதல் மாதம் நாளைக்கு மூன்று பேர். ஒரு வருஷத்தில் பதினான்கு பேர், அதில் பத்துப் பேர் 150, நான்கு பேர் 50. மாதம் 25 நாளைக்கு 42,500 வரவு, அவர் பங்கு 21,250, உதவியாளருக்கு 5,000, மின்சாரம் முதலானவை 2,250 போக 14,000 மிச்சம். வருஷத்துக்கு 1.68 லட்சம், எங்கள் மொத்தச் செலவில் ஐந்து சதவீதம் வரும். இதை வைத்து மையம் தன் காலில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் (சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற சான்று) யாருக்கும் தர வேண்டாம், வாடகைக்கும் ஆடிட்டருக்கும் கையிருப்புக்கும் போகும்.

கம்பெனிகளிடம் பேசுவதும் மாறியது. 2021-ல் ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியில் 6.5 லட்சத்துக்கு வண்ண விளக்கு, ஊஞ்சல் எல்லாம் வைத்து ஓர் உணர்திறன் பயிற்சி அறை கட்டித் தந்தது, வாசலில் பெயர்ப் பலகையோடு. அதை நடத்த ஆள் சம்பளம் இல்லாததால் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. 2023-ல் அதே கம்பெனி இன்னொரு அறை கட்டித் தருவதாக வந்தபோது, வேண்டாம், ஏற்கெனவே இருப்பதை மூன்று வருஷம் நடத்த ஆள் சம்பளம் தாருங்கள் என்றோம். வந்திருந்த அதிகாரி நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் சட்டப்படி கூடாது என்றார். அந்த ஐந்து சதவீதம் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு, திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவுக்கு அது பொருந்தாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு அது தெரியாது, தெரிந்ததும் மறுக்கவும் இல்லை. 2024 ஏப்ரல் முதல் மூன்று வருஷத்துக்கு வருஷம் 9 லட்சம், அதில் வாடகையும் கணக்காளர் சம்பளமும் அடக்கம். செலவழிக்காமல் வைத்துக்கொள்ளும் மூலதன நிதியாக மட்டும் அவர்களால் தர முடியாது, 2021 ஜனவரித் திருத்தத்திலேயே அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதனால் கையிருப்பை நாங்களேதான் சேர்க்க வேண்டும்.

அந்தக் கையிருப்பு ஒரு தடவை கரைந்தும்விட்டது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. ஆற்றுத் தண்ணீர் மையத்துக்குள் இடுப்பளவு வந்தது. தையல் மெஷின்கள், பிசியோ அறையின் டிராக்ஷன் கட்டில், ஐஎஃப்டி மெஷின், பதிவேடுகள், வேனின் இன்ஜின் எல்லாம் முழுகின. அன்றைக்குக் கையிருப்பு 2.9 லட்சம். ஜனவரிச் சம்பளம் தேதி மாறாமல் போட்டோம், வேனுக்கு 1.4 லட்சம் செலவானது. வேனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் எடுத்திருந்தோம், பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது நான்தான். வளையல் அடகுக்குப் போகவில்லை. அம்மாக்களின் மெஷின்களை அவர்களே பிரித்து வெயிலில் காயவைத்து, எட்டில் ஐந்தை ஓட வைத்துவிட்டார்கள்.

2024-25 கணக்கு: அரசு 12 லட்சம், கம்பெனி 9, ஊர் 7.6, பிசியோ 1.7, பெற்றோர் கட்டணம் 1.4, ஆக 31.7 லட்சம். பிள்ளைகள் 38 பேர், செலவு 34. இன்னும் 2.3 லட்சம் துண்டு விழுகிறது. கட்டணத்தை ஏற்றலாமே, அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ஆகிவிட்டதே என்று ஒரு பேச்சு வந்தது. முடிந்த 20 வீட்டாருக்கு 500, பத்து வீட்டாருக்கு 200, எட்டு வீட்டாருக்கு ஒன்றுமில்லை என்று வைத்தோம். அந்த 2,000-ஐ நம்பி அரிசி வாங்குகிற வீட்டிடம் அதற்குமேல் கேட்க டீச்சர் ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

## மறுபடி செய்வதாக இருந்தால்

வைப்புத்தொகையை முறிப்பதற்கு முன் ஒரு துணிப்பைக்கான கணக்கை முழுசாகப் போட்டிருப்பேன், டீச்சரின் நேரத்துக்கும் ஒரு விலை வைத்து. ஒரு பிள்ளைக்கு மாதம் என்ன ஆகிறது என்ற எண்ணை 2009-லேயே சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும், மானியம் கேட்கப் போகும்போதும் சாப்பாடு வாங்கும்போதும் அது கண்ணில் பட்டிருக்கும். சென்னை வழியாகப் பணம் வந்த பத்து வருஷத்தில் அந்தக் கொடையாளரை ஒரு தடவையாவது ஊருக்கு வரவழைத்து வேனில் ஏற்றியிருக்க வேண்டும், இது இப்போதுதான் உறைக்கிறது. வியாபாரம் தொடங்கினால் அதற்குத் தனி ஆள், தனி வண்டி. முடியாவிட்டால் தொடங்கக் கூடாது. அம்மாக்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். வேனுக்கு இப்போது முழுக் காப்பீடு எடுத்தாகிவிட்டது.

அப்புறம், மாலை பிசியோ முழுவதையும் ஒரே ஆளின் கையில் விட்டதும் தப்புதான். போன மாதம் அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது. நாங்கள் தருவதைப் போல நான்கு மடங்கு சம்பளம், போகாதே என்று யார் சொல்வது. தை பிறந்ததும் கிளம்புகிறார். வருகிறவருக்குப் பாதிப் பங்கு போதாது என்றுதான் தோன்றுகிறது, 60 வரை போகலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 60 கொடுத்தால் மாதம் 14,000 மிச்சம் 9,750 ஆகிவிடும். மாலையில் வருகிற பதினான்கு பேரில் ஐந்து பேர் அவருக்காகவே வருகிறவர்கள்.